கல்லீரல் காணாமல் போன திங்கட்கிழமை

கல்லீரலைக் காணவில்லை.

முதலில் என் கண்தான் சரியில்லை என்று நினைத்தேன். விடிந்தும் விடியாத நேரம். இடுப்பில் தண்ணீர்க் குடம். எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் மல்லாந்து கிடந்த மனிதனுக்கு வலது விலாவுக்குக் கீழே, முந்தின நாள் சாயங்காலம் வரை கூடை கூடையாகத் தக்காளி நிறைந்திருந்த இடத்தில், வெறும் செம்மண் தெரிந்தது.

இடது சிறுநீரகமும் இல்லை. சிறுகுடலில் பாதி போயிருந்தது. இதயம் மட்டும் அப்படியே இருந்தது. அதன் உச்சியில் கற்பூரம் எரிந்து அணைந்த கறை. நெற்றியில் குங்குமம். கண் இருக்க வேண்டிய இடங்களில் இரண்டு எலுமிச்சம்பழம்.

காலை பத்து மணிக்குத் தர்மபுரியிலிருந்து ஆபீசர் வருகிறார். அவருக்குக் காட்டத்தான் அந்த மனிதனைச் செய்திருந்தோம். அவர் திருப்திப்பட்டால் எங்கள் நடுநிலைப் பள்ளிக்கு ஒன்பதாம் வகுப்பு வரும். வந்தால் நான் படிப்பேன். வராவிட்டால் எனக்கு எட்டோடு சரி.

அந்த நேரத்தில் வேறு பிள்ளையாக இருந்தால் கத்தியிருக்கும். நான் எப்போதும் செய்வதைச் செய்தேன். குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சும்மா நின்றேன்.

வாய் இல்லாத பிள்ளை

போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் ஊர் மாவு மில்லைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு என் மகன் போன் செய்தான். "பத்திரிகையில இவ்ளோ பேசுற, வீட்டுல ஏம்மா வாயே தொறக்க மாட்டேங்குற?" என்றான். எழுதும்போது எதிரே ஆள் இல்லையே. ஆள் இருந்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இன்றைக்கும் தையல் கடைக்கு வருகிறவர்களிடம் அளவு நாடாவை நீட்டுகிறேனே தவிர, பேச்சை நீட்டுவதில்லை.

சின்ன வயதில் இது இன்னும் மோசம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுக்கு வாயை மட்டும் அசைப்பேன். "சிந்தா நல்லாப் பாடுறா" என்று கன்னியாஸ்திரி ஒருவர் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

நான் படிக்க ஆசைப்பட்டதற்குக் காரணமும் இதுதான். பெரிய அறிவுத் தாகம் என்றெல்லாம் யாரும் நினைக்க வேண்டாம். தோட்டத்து வேலை என்றால் பேச வேண்டும். கூலி ஆட்களைக் கூப்பிட வேண்டும், தண்ணீர் முறைக்குச் சண்டை போட வேண்டும், பாலக்கோட்டு மண்டியில் தரகரிடம் கெஞ்ச வேண்டும். வகுப்பறையில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தால் வருஷம் முழுக்க யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். பேசாமல் இருப்பதற்கு ஒரு பெண் பிள்ளைக்கு அதைவிட நல்ல இடம் அந்த ஊரில் இல்லை.

ஒன்பதாவது படிக்க வேண்டுமானால் பாலக்கோட்டுக்கு பஸ் ஏற வேண்டும். "பொட்டப்புள்ளைய பஸ்ல ஏத்தியெல்லாம் அனுப்ப மாட்டேன். நம்ம ஊர்ல வந்தா படிக்கட்டும்" என்று அப்பா சொல்லிவிட்டார். எங்கள் தெருவில் எல்லா அப்பாக்களும் அதையேதான் சொன்னார்கள். கூடிப் பேசி வைத்துக்கொண்டார்களோ என்னவோ.

அது பத்தாவதுல வரும்

எங்களுக்கு அறிவியல் எடுத்தவர் பொன்னையா சார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பாலக்கோட்டில் அறை எடுத்துத் தங்கி, தினமும் சைக்கிளில் வருவார். எங்கள் பேச்சு அவருக்குப் புரியாது, அவர் பேச்சு எங்களுக்குப் புரியாது. அதனால் இரண்டு பக்கமும் மரியாதை இருந்தது.

பள்ளியில் ஒரு மைக்ராஸ்கோப் உண்டு. தலைமையாசிரியரின் பீரோவுக்குள் துணி சுற்றி வைத்திருப்பார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை வெளியே வரும். வெங்காயத் தோலை வைத்து, "செல் தெரியுதா பாரு" என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டார் சார். நான் குனிந்து பார்த்தேன். கறுப்பாக வரிசையாகக் கம்பிகள் தெரிந்தன. அதையே நோட்டில் வரைந்தேன். அவர் சரி போட்டார். அது என் சொந்தக் கண் இமை மயிர் என்பது பல வருஷம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

"செல் ஒரு செங்கல் மாதிரி. ஒரே மாதிரி செங்கல் ஒண்ணா சேர்ந்தா சுவர். அதுதான் திசு. சுவர், கூரை, கதவு எல்லாம் சேர்ந்து ஒரு வேலைக்குன்னு நின்னா வீடு. அதுதான் உறுப்பு" என்றார் சார்.

"எங்க வூட்ல செங்கல்லே இல்லீங்க சார். மண்ணுச் செவுருதான்" என்றாள் மாதம்மா.

மாதம்மா என் பக்கத்து இடம். நான் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்து அவள் பேசுவாள். கல்லீரலில் ஒரு துண்டை வெட்டி எடுத்தாலும் மறுபடி வளர்ந்துவிடும் என்று சார் சொன்னபோது, "அப்ப ஆட்டைக் கொல்லாமயே ஈரலை மட்டும் வெட்டி வெட்டித் திங்கலாங்களா சார்?" என்று கேட்டவள். சார் கொஞ்ச நேரம் யோசித்தார். அவர் சைவம்.

ஒரு நாள் அவள் கேட்ட கேள்விதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

"சார், மொதல்ல ஒத்தச் செல்லுதான் இருந்துச்சுன்னு சொன்னீங்க. அது ரெண்டாச்சு, நாலாச்சு, அப்பிடியே பெருகிப் பெருகித்தான் ஆளாச்சுன்னீங்க. எல்லாம் ஒரே தாய் புள்ளைங்க. அப்ப ஒன்னை மூக்கா இரு, ஒன்னை முட்டியா இருன்னு யாருங்க சார் சொல்றது?"

வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. பின் வரிசைப் பையன்களுக்கு அந்த ஒற்றைச் செல் எப்படி வந்தது என்பதில்தான் அக்கறை. சார் முகம் சிவந்தது. அவருக்குத் தெரியவில்லையா, தெரிந்தும் பையன்களுக்குப் பயந்தாரா என்று எனக்குத் தெரியாது.

"ஏ பிள்ள, அது பத்தாவதுல வரும். இப்போ படத்தை வரை."

போன மாதம் வயிற்று வலி என்று ஸ்கேன் எடுக்கப் போனேன். குளிர்ந்த பசையைத் தடவி, திரையைப் பார்த்துக்கொண்டே, "கல்லீரல்ல கொஞ்சம் கொழுப்பு படிஞ்சிருக்கும்மா" என்றார் அந்தப் பெண் டாக்டர். நான் சிரித்துவிட்டேன். "இதுல சிரிக்க என்னம்மா இருக்கு?" என்றார் கொஞ்சம் கோபமாக. அவரிடம் எங்கே ஆரம்பித்துச் சொல்வது? அதனால்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

மனிதனைச் செய்தோம்

அந்த மாசி மாதம் தக்காளியை வாங்க ஆள் இல்லை. பறிக்கிற கூலிக்குக்கூட விலை கட்டவில்லை. மண்டிக்குக் கொண்டுபோனவர்கள் திரும்பக் கொண்டுவர வண்டிக் கூலி கொடுக்க மனமில்லாமல் ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்தார்கள். மாடுகள் முதல் வாரம் தின்றன, இரண்டாவது வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டன. எங்கள் வீட்டில் காலையில் தக்காளிக் கடைசல், மதியம் தக்காளிக் குழம்பு, ராத்திரிக்கு மதியத்துக் குழம்பு.

ஆபீசர் வருகிறார் என்ற செய்தி வந்ததும் பொன்னையா சாருக்கு யோசனை வந்தது. "படம் வரைஞ்சு தொங்கவிட்டா எல்லா ஸ்கூல்லயும் இருக்கும். நாம மனுசனையே கட்டுவோம். தக்காளிதான் செல்."

மைதானத்தில் விளையாட்டுப் போட்டிக்குக் கோடு போடுகிற சுண்ணாம்பால் ஒரு மனித உருவம் வரைந்தார். தலையிலிருந்து கால்வரை நடந்தால் மூன்று வீட்டு வாசலைக் கடந்த மாதிரி இருக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு உறுப்பு. மாதம்மாவுக்கு இடது சிறுநீரகம். எனக்கு இரைப்பை. ஆபீசர் அதிகம் கேள்வி கேட்காத உறுப்பாகப் பார்த்துக் கொடுத்தார் என்று நினைக்கிறேன்.

நாங்கள் புடலங்காயை வளைத்து வைத்துக் குடல் என்றபோது சார் காலால் தள்ளிவிட்டார். "குடல் மாதிரி இருக்குற காயைக் கொண்டாந்தா ஆச்சா? செல்லுல இருந்து கட்டணும்."

அதனால் என் இரைப்பை இப்படித்தான் எழும்பியது. உள்பக்கம் சின்னத் தக்காளிகளை இடைவெளி இல்லாமல் நெருக்கி அடுக்கினேன். அது எபித்தீலியத் திசு; மூடுகிற வேலை. அதைச் சுற்றிக் கோவைக்காய். நடுவில் பருத்து இரண்டு முனையும் கூர்ந்த கோவைக்காயை ஒன்றோடு ஒன்று சாய்த்து வைத்தால் தசைத் திசு. சுருங்கி விரிகிற வேலை. இடையில் கேழ்வரகுத் தாளைப் பரப்பி, அங்கொன்றும் இங்கொன்றுமாக மொச்சைக்கொட்டை போட்டால் இணைப்புத் திசு. எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கிற வேலை. மேலே வேரும் தாளுமாகப் பிடுங்கிய வெங்காயம். குண்டுத் தலையும், தலையில் முடி மாதிரி வேரும், நீண்ட வாலுமாக அது நரம்புச் செல்லேதான். அதைச் செய்தது கடவுளா, உரமா என்று மாதம்மா கேட்டாள்.

நாலும் தனித்தனியாகக் கிடந்தபோது கறிகாய்க் கடை மாதிரி இருந்தது. நாலையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சார் சொன்ன வளைவுக்குக் கொண்டுவந்ததும், அது வேறு ஏதோ ஆகிவிட்டது. நான் எழுந்து நின்று பார்த்தேன். சத்தியமாக அதற்குப் பசிக்கிற மாதிரி இருந்தது.

கல்லீரலுக்குத் தக்காளி எங்கள் தோட்டத்திலிருந்து வந்தது. "எடுத்துக்கோங்க, ஏரோட்டற நெலத்துல கெடந்து அழுகறதுக்கு ஈரலா இருந்துட்டுப் போவட்டும்" என்று அப்பாவே வண்டியில் கொண்டுவந்து கொட்டினார். அட்டையில் 'கல்லீரல்' என்று எழுதி மூங்கில் குச்சியில் செருகி நட்டது நான். என் கையெழுத்துக்கு மட்டும் வாய் உண்டு.

சாயங்காலம் தலைமையாசிரியர் வந்து சுற்றிப் பார்த்தார். இடுப்பருகே வந்ததும் நின்றார்.

"பொன்னையா, இது ஆம்பளையா, பொம்பளையா?"

"மனுசன் சார். பொதுவா."

"பொதுவான்னா? ஆபீசர் கேட்டா என்னத்தச் சொல்றது? பொண்ணுங்க வேற நிக்கிறாங்க. மூடுங்க முதல்ல."

பறங்கி இலைகளைப் பறித்து வந்து இடுப்பிலிருந்து முழங்கால் வரை பாவாடை மாதிரி மூடினோம். காவலுக்கு ஆள் போடலாமா என்று சார் கேட்டதற்கு, "தக்காளிய யாருய்யா திருடுவான், மாடே திங்க மாட்டேங்குது" என்றார் தலைமையாசிரியர்.

கொள்ளை

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் சிவராத்திரிக்கு அடுத்து மயானக் கொள்ளை நடக்கும். சுடுகாட்டில் மண்ணால் அம்மனை மல்லாந்து படுத்த வாக்கில் பெரிதாகச் செய்து, உடம்பெல்லாம் கேழ்வரகு, அவரை, காய்கறி என்று பரப்பிப் பூசை போடுவார்கள். பூசை முடிந்ததும் கூட்டம் பாய்ந்து அள்ளும். அள்ளியதை நிலத்தில் தூவினால் அந்த வருஷம் விளைச்சல் நிச்சயம்.

அந்த வருஷம் பங்காளிச் சண்டையில் கொள்ளை நின்றுபோயிருந்தது. ஊரே உள்ளுக்குள் கலங்கிப் போயிருந்தது. தக்காளி விலை விழுந்ததும் அதனால்தான் என்றார்கள். விலை விழுந்தது முன்னால், கொள்ளை நின்றது பின்னால் என்பதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் பள்ளிக்கூடம் சுடுகாட்டுக்குப் போகிற வழியில்தான் இருந்தது.

திங்கட்கிழமை காலை குடத்தோடு நான் நின்றபோது மாதம்மா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"சிந்தா, எங்கம்மாதான்டி மொதல்ல பாத்தது. நேத்து காட்டுல இருந்து வரப்ப பாத்துட்டு, அம்மன் எடத்த மாத்திக்கிட்டான்னு ஊரெல்லாம் சொல்லிடுச்சு. கோழி கூப்பிடறப்பவே வந்து பூசை போட்டு அள்ளிக்கிட்டாங்க. மனுசன்டி அது, ஆம்பளைன்னு சொல்றேன், கேக்கவே இல்ல. பாவாட கட்டியிருக்குதே, ஆம்பளையா இதுன்னு என்னையே திட்டுது."

"உன் சிறுநீரகம்?" என்றேன். மெதுவாக.

"எங்க வூட்டு அவரைக் கொல்லையில கெடக்குது. எடுத்த கொள்ளைய திருப்பிக் குடுத்தா வூடு வெளங்குமான்னு வெளக்கமாத்தத் தூக்கிடுச்சு."

பொன்னையா சார் சைக்கிளை நிறுத்தாமலே இறங்கினார். சைக்கிள் தானாகக் கொஞ்ச தூரம் போய் நுரையீரலில் விழுந்தது. அவர் தரையில் உட்கார்ந்து எலுமிச்சம்பழக் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைமையாசிரியர் வந்ததும் ஒரே உத்தரவு. "எல்லாரும் வூட்டுக்கு ஓடுங்க. எது கெடைக்குதோ கொண்டாங்க. பத்து மணிக்குள்ள மனுசன் முழுசா இருக்கணும்."

நான் எங்கள் தோட்டத்துக்கு ஓடினேன். பறிக்காத தக்காளி செடியிலேயே நிறையத் தொங்கியது.

வாய்க்கால் மேட்டில் ஒருவர்

வாய்க்கால் மேட்டில் அப்பா நின்றுகொண்டிருந்தார். துண்டைத் தொட்டில் மாதிரி கழுத்தில் கட்டி, அதிலிருந்து தக்காளியை எடுத்துக் கையால் பிசைந்து, நாலு பக்கமும் வீசினார். வாய் முணுமுணுத்தது. பக்கத்தில் போனபோது கேட்டது. பரலோக மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊருக்குத் தெரிந்த பக்திமான் எங்கப்பா. தவக்காலத்தில் வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்கு முதல் ஆளாகப் போகிறவர். அங்காளம்மன் தேர் எங்கள் தெருப் பக்கம் வந்தால் கதவைச் சாத்துகிறவர். மூன்று போகமாகத் தோட்டம் ஏமாற்றியிருந்தது. அம்மனுடைய கொள்ளையை எடுத்துக்கொண்டு வந்து, இயேசுநாதர் கற்பித்த ஜெபத்தைச் சொல்லித் தூவினால் எந்தப் பக்கமும் கோபித்துக்கொள்ளாது என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

தக்காளிக்குத் தக்காளி அடையாளம் ஏது? நான் சந்தேகப்பட்டிருக்கவே மாட்டேன். ஆனால் நிலத்தின் நடுவில் மூங்கில் குச்சியில் அட்டை நின்றது. 'கல்லீரல்' என்று என் கையெழுத்தில். கொள்ளையோடு வந்த எதையும் விடக் கூடாது என்று அதையும் கொண்டுவந்து நட்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் கை அந்தரத்தில் நின்றது.

"நம்ம தோட்டத்துத் தக்காளிதான, தாயி. நம்ம தோட்டத்துக்கே திரும்பி வந்திருக்குது" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. கோபமில்லை, ஒன்றுமில்லை. எனக்கு எப்போதுமே ஒன்றும் சொல்ல வராது.

"ஃபாதருக்குத் தெரிய வேணாம்."

தலையாட்டினேன்.

"உங்கம்மாவுக்கும்."

அதற்கும் ஆட்டினேன். அட்டையைப் பிடுங்கிக்கொண்டேன். அப்பா கூடையை எடுத்துச் செடி செடியாக ஓடி, இருப்பதிலேயே நல்ல பழமாகப் பறித்து நிரப்பி, தலையில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். கல்லீரலை அவரே தன் கையால் அடுக்கினார். அடியில் சிறுசு, மேலே பெருசு. மண்டிக்கு அடுக்கிய பழக்கம்.

ஆபீசரும் டிரைவரும்

பத்து மணிக்கு மனிதன் முழுசாக இருந்தான் என்று சொல்ல முடியாது. நிறைவாக இருந்தான். சிறுகுடலின் காணாமல் போன பாதியைக் கத்தரிக்காய் நிரப்பியது. இடது சிறுநீரகத்தில் ஒரு வாத்து முட்டையும் கொஞ்சம் வேர்க்கடலையும் இருந்தன. "ஒரே மாதிரி செல்கள் சேர்ந்தாத்தான் திசு" என்று முனகிக்கொண்டே சார் முட்டையை எடுத்தார். மாதம்மா மறுபடி வைத்தாள். கற்பூரக் கறையைத் துடைக்க யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. குங்குமத்தையும்தான்.

ஆபீசர் ஜீப்பிலிருந்து இறங்கி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, காலிலிருந்து மேலே நடந்து வந்தார். என் முன்னால் நின்றார்.

"இது என்னம்மா?"

இரைப்பை. நான்கு வகைத் திசுக்களால் ஆனது. ஒவ்வொரு திசுவும் ஒரே வகைச் செல்களால் ஆனது. ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சொல்லிப் பார்த்திருந்தேன். வாயைத் திறந்தேன். கோயிலில் பாடுகிற மாதிரி உதடு மட்டும் அசைந்தது.

"இரைப்பைங்க சார்" என்றாள் பக்கத்திலிருந்து மாதம்மா. "உள்ள இருக்கறது மூடறது, கோவக்கா சுருங்கறது, கேவுருத் தாளு கட்டிப் புடிக்கறது, வெங்காயம் சேதி சொல்றது. நாலும் ஒன்னா வேல செஞ்சாத்தான் சோறு செரிக்கும். ஒன்னு கோவிச்சுக்கிட்டாலும் வாந்திதான் சார்."

ஆபீசர் அவளை ஒரு தரம் நன்றாகப் பார்த்தார். மேலே நகர்ந்து இதயத்துக்கு வந்தார்.

"இங்க கற்பூரம் எதுக்கு?"

தலைமையாசிரியர் பொன்னையா சாரைப் பார்த்தார். பொன்னையா சார் வானத்தைப் பார்த்தார்.

"சாமி கும்பிட்டாங்க சார். அம்மன்னு நெனச்சுட்டாங்க" என்றாள் மாதம்மா.

ஆபீசர் தலையைக் குனிந்து பார்த்தார். அவருடைய ஒரு கால் அந்தத் தக்காளி மனிதனின் வலது கையின் மேல் இருந்தது. மெதுவாகப் பின்னால் நகர்ந்து, இரண்டு செருப்பையும் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு தலைமையாசிரியர் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"பள்ளிக்கூடத்துக்கு எடம் எவ்வளவு இருக்கு?"

அவ்வளவுதான். இடம் போதாது. கூடுதல் அறைகள் இல்லை. கிணறு இல்லை. உயர்நிலைப் பள்ளி என்றால் அதெல்லாம் முதலில் வேண்டும். செல்லைப் பற்றியோ திசுவைப் பற்றியோ அவர் மேலே கேட்கவில்லை. ஜீப் கிளம்பும்போது அதன் டிரைவர் மட்டும் இறங்கி ஓடி வந்து, சிறுகுடலிலிருந்து ஒரு கை அள்ளிக் கர்ச்சீப்பில் முடிந்துகொண்டார். "எங்க ஊருலயும் இந்த வருசம் கொள்ளை நடக்கலீங்க" என்றார்.

ஒன்பதாம் வகுப்பு வரவில்லை. எனக்குப் பிள்ளைகள் பிறந்து அவர்கள் பள்ளிக்கூடம் போன பிறகுதான் வந்தது.

மோர்

ஈஸ்டர் பாஸ்கா முடிந்ததும் ஃபாதர் வீடு வீடாக மந்திரிக்க வருவார். எங்கள் வீட்டுக்கு வந்தபோது வெயில் தாங்கவில்லை. தீர்த்தம் தெளித்து முடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா மோர் கொடுத்தாள்.

"சிந்தா எட்டு முடிச்சுட்டாளா? இனிமே என்ன?" என்று கேட்டார்.

"பொட்டப்புள்ளைக்குப் போதுங்க ஃபாதர். வூட்டு வேலையைக் கத்துக்கட்டும். எங்கண்ணன் மவன் இருக்கான்" என்றாள் அம்மா.

ஃபாதர் என் பக்கம் திரும்பினார். "என்ன பிள்ளை, எப்பவும் பேசாமலே நிக்குற? மனசுல ஏதாவது இருந்தா சொல்லு. என்கிட்ட என்ன பயம்?"

மோரில் உப்புப் போட அம்மா மறந்திருந்தாள். அதைச் சொல்லலாமா வேண்டாமா என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"அவ ஒன்பதாவது போறா ஃபாதர்" என்றார் அப்பா. சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும். "பாலக்கோட்டுல சேத்தப்போறேன். பஸ்ல போயிட்டு வரட்டும். பத்தாவது வரைக்கும் படிக்கட்டும்."

அம்மா கையில் இருந்த சொம்பு சாய்ந்தது. ஃபாதர் அப்பாவை ஆசீர்வதித்தார். இப்படிப்பட்ட தகப்பன்கள் ஊருக்கு நாலு பேர் வேண்டும் என்று அடுத்த ஞாயிறு பிரசங்கத்திலும் சொன்னார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். எல்லாரும் அடக்கம் என்று நினைத்தார்கள்.

பஸ்ஸில் முதல் நாள் ஏற்றிவிட அப்பா தோட்டத்து வழியாகக் கூட்டிப்போனார். கோடை மழை ஒன்றிரண்டு பெய்திருந்தது. வாய்க்கால் மேட்டோரம், யாரும் விதைக்காத இடத்தில், தக்காளி நாற்று திட்டுத் திட்டாக முளைத்து நின்றது. அப்பா நின்று பார்த்தார்.

"வெட்டுனாலும் வளந்துக்கும்னு உங்க வாத்தியாரு சொன்னாருன்னியே. எதைச் சொன்னாரு?"

"கல்லீரலை" என்றேன்.

"ம்" என்றார். அதற்குமேல் அவரும் பேசவில்லை. நான் யார் பிள்ளை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மூக்கு

மாதம்மாவை பஸ்ஸில் ஏற்ற யாரும் இல்லை. அவள் அப்பாவுக்கு யாரிடமும் மறைக்க ஒன்றும் இல்லை. கொள்ளையை ஊரறியத் தலையில் சுமந்துகொண்டு போன மனுஷர். எட்டோடு நிறுத்தினார்கள். ஆபீசர் முன்னால் பேசாத நான் ஒன்பதாவது போனேன். எனக்கும் சேர்த்துப் பேசியவள் அவரைக் கொல்லைக்குப் போனாள். இதில் நியாயம் எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்காதீர்கள். தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

பத்தாவது எழுதி முடித்த சமயம் பாலக்கோட்டு மார்க்கெட்டில் அவளைப் பார்த்தேன். தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் தரகர் ஒருவரை வாயாலேயே மடக்கி உட்கார வைத்திருந்தாள். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. என்னைப் பார்த்ததும் தரகரை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். நலம் விசாரிக்கவில்லை.

"பத்தாவதுல வந்துச்சாடி?"

எனக்கு உடனே புரிந்தது. "வரல."

"நல்லாப் பாத்தியா?"

"கடைசிப் பாடம் வரைக்கும் பாத்தேன். செல்லு இருக்குது, திசு இருக்குது. யாரு சொல்றதுன்னு மட்டும் போடல."

"எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். பிறகு குழந்தையைத் தூக்கி என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். அந்தச் சின்ன முகத்தில் மூக்கு மட்டும் பெரிய மனுஷ மூக்காக, நுனி வளைந்து, கொஞ்சம் கோபமாக உட்கார்ந்திருந்தது.

"பாரு. என்னுதும் இல்ல, அவங்கப்பனுதும் இல்ல. அச்சு அசல் எங்க மாமியாளுது. மத்ததுக்கெல்லாம் யாரு சொல்றாங்களோ தெரியாது. இந்த மூக்குக்கு யாரு சொன்னதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எங்க வூட்ல எல்லாத்தையும் அவதான் சொல்றா."